எத்தனை நாளைக்கு, எந்தக் கத்தி

11.2.98, புதன்
ஆம்பூர்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, அவருடைய தாடியில் ஒட்டிக் காய்ந்திருந்த நேற்றைய கஞ்சியை ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தேன். நான் பல் விளக்குவதற்கும் முன்னால்.

பத்தொன்பது நாள் தாடி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்த முகத்தில் ஒரு நாள் முடியைக்கூட நான் பார்த்ததில்லை. ஆறு மணிக்குப் பின்பக்கத்துக் கண்ணாடி முன் நிற்பார், கையில் அந்த மடக்குக் கத்தி. கால் மணி நேரம் யாரும் பேசக்கூடாது. பிறகு தோல் கம்பெனிக்குப் போய் நாள் முழுக்க மேசை முன் நின்று தோலைத் தடவித் தரம் பிரிப்பார். செலக்டர் கிருபானந்தம். தன் முகத்தையும் அப்படித்தான் தினமும் பாஸ் பண்ணி அனுப்புகிறார் என்று புதுசில் நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

நவம்பரில் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு பஜார் தெரு முனிரத்தினம் வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிட்டுப் போனார். போன மாதம் ஒரு நாள் கன்னம் திடீரென்று துடித்துக் கத்தி பட்டுவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. அதோடு முனிரத்தினம் வருவதில்லை.

பேச்சும் போய்விட்டது. மிச்சம் ஒரே சொல் — "இல்ல." பசிக்கிறதா? இல்ல. அப்படியானால் பசிக்கவில்லையா? இல்ல. ஒரு நாளைக்கு நூறு முறை அதைக் கேட்கிறேன்.

சாயங்காலம் எலியாஸ் வந்தான். இவருடைய தம்பி, அடுத்த தெரு. "இன்னா அண்ணி, அண்ணன் தாடியோட பாய் மாதிரி ஆய்ட்டாரு" என்று சிரித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தான். வேலூர்ப் பக்கம் திருச்சபைக்காரர்கள் நடத்துகிற இல்லம். ஜூன் ஒன்றாம் தேதி ஒரு படுக்கை காலியாகிறது. ஏப்ரல் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும். மனைவியின் கையெழுத்துதான் வேண்டுமாம்.

"உங்க உடம்பு இன்னா ஆவறது அண்ணி? ஸ்கூலுக்கும் போய்க்கினு, இவரையும் தூக்கிக்கினு... யோசிங்க."

அவன் சொல்வது சரி. அதுதான் கஷ்டம். பகலில் வள்ளியம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே பேசினோம். அவர் "இல்ல" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

13.2.98, வெள்ளி

பள்ளி விட்டதும் நேரே முனிரத்தினம் கடைக்குப் போனேன். சலூன் வாசலில் பெண் நிற்பது உள்ளே இருந்தவர்களுக்கு எப்படியோ இருந்திருக்கிறது. ஒருவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா! நீங்க இன்னாத்துக்கு இங்க வந்துக்கினு? சொல்லி அனுப்ச்சிருந்தா நானே வந்திருப்பனே."

"மூணு தடவை சொல்லி அனுப்பினேன்."

தலையைச் சொறிந்தார். "பயம்மா. என் கையால ஒண்ணு ஆய்ட்சின்னா அப்புறம் நான் இந்த ஊர்ல கடை வெக்க முடியுமா? நீங்களே செஞ்சிடுங்க. உங்க கைன்னா ஆடாம இருப்பாரு."

சாதாரண ரேசரில் முயன்று பார்த்ததைச் சொன்னேன். நீள முடி போய் அடைத்துக்கொள்கிறது. தொங்குகிற கன்னத்தில் எந்த இடத்தில் படுகிறது என்றே தெரியவில்லை.

"அதுக்குத் தெறந்த கத்திதாம்மா. கூர் வாய் கண்ணுக்குத் தெரியணும்" என்று இரண்டு கத்திகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பிளேடு மாட்டுவது. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகி, வேலை முடிந்ததும் எடுத்துப் போட்டுவிடலாம். எய்ட்ஸ் போஸ்டர் ஒட்டின பிறகு கடையில் எல்லோருக்கும் அதுதான். இன்னொன்று பழைய கத்தி, இவரிடம் இருப்பது போன்றது. ஒரே இரும்பு. சாணைக்கல்லும் தோல்வாரும் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை.

"புதுசா கத்துக்கிறவங்களுக்கு எது நல்லது?"

"பிளேடு கத்தி எப்பவும் கூரா இருக்கும், தீட்டத் தேவல. ஆனா லேசு. அழுத்தினீங்கன்னா சொல்லாம கொள்ளாம எறங்கிடும். பழசு கனம். அதும் கனத்துலயே அது போவும். கோணம் தப்பினா கரகரன்னு சத்தம் போட்டுச் சொல்லும். ஆனா தெனம் தீட்டணும், பாத்துக்கணும். கொழந்த மாதிரி."

பிறகு கேட்டார்: "எத்தினி நாளைக்கும்மா செய்யப்போறீங்க? ஒரு ரெண்டு மாசம், மூணு மாசம்னா பிளேடே வாங்கிக்கோங்க. வருசக்கணக்குன்னா பழச எடுங்க."

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது மனசுக்குள் எண்ணினேன். ஜூன் ஒன்றாம் தேதிக்கு நூற்றெட்டு நாள். எண்ணினேன் என்பதே பிறகு வெட்கமாக இருந்தது.

16.2.98, திங்கள்

பிளேடு கத்தி வாங்கினேன். முனிரத்தினத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

21.2.98, சனி

முனிரத்தினம் சொன்ன பயிற்சி: ஊதிய பலூனில் நுரை தடவி, வெடிக்காமல் வழிக்க வேண்டும். பலூன் கடைக்காரர் வீட்டில் பிறந்தநாளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கூடத்தில் அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தேன். முதல் பலூன் இரண்டாவது இழுப்பிலேயே வெடித்தது. முகம், கண்ணாடி, புடவை எல்லாம் நுரை. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு அடைக்கிறதோ என்று பதறிப்போய் எழுந்தேன். முகத்தின் இடது பாதி மட்டும் மேலே இழுத்திருந்தது.

சிரிக்கிறார். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை.

ஆறு பலூன் வாங்கியிருந்தேன். ஐந்தாவது தப்பித்தது.

1.3.98, ஞாயிறு

பலூன் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவதில்லை.

காலையில் கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கு வெளிச்சத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கத்தரியால் தாடியைக் குறைத்து, வெந்நீர்த் துண்டு வைத்து, நுரை போட்டு — எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். இடது கன்னம் நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில்தான் தப்பு. வலது தாடைக்குக் கீழே சதை மடிகிற இடத்தில், முடி வரவில்லை என்று கொஞ்சம் அழுத்தினேன். கொஞ்சம்தான். கத்தி எனக்கு எதையும் சொல்லவில்லை. வெள்ளை நுரையில் ஒரு சிவப்புக் கோடு வந்த பிறகுதான் தெரிந்தது.

படிகாரம், பஞ்சு, விரல் — நாற்பது நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் "இல்ல, இல்ல" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன இல்லை? வலி இல்லையா? இனிமேல் நீ வேண்டாம் என்கிறாரா?

பாதி முகம் சவரம், பாதி முகம் தாடி. அப்படியே விட்டேன்.

2.3.98, திங்கள்

எலியாஸ் பஞ்சைப் பார்த்தான். "ஃபாரம் எங்க வெச்சீங்க அண்ணி?" என்று மட்டும் கேட்டான்.

14.3.98, சனி

பழைய கத்தியை எடுத்தேன். முதல் முதலாக. முன்பெல்லாம் தூசி தட்டக்கூட அதைத் தொட விடமாட்டார். கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்ததாம். கையில் எடுத்தால் நல்ல கனம். முனிரத்தினம் சொன்னது உண்மை. சும்மா பிடித்தாலே அது எங்கே போக விரும்புகிறது என்று தெரிகிறது.

ஆனால் தீட்டுகிற தோல்வார்? ஆணி மட்டும் இருந்தது. ஒரு நிமிடம் கழித்து ஞாபகம் வந்தது. வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பரில் சக்கர நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்துகொண்டே இருந்தார். இடுப்பில் கட்ட ஏதாவது வேண்டும் என்று ஆணியில் தொங்கிய வாரை எடுத்துக்கொண்டுபோய், ஸ்டேஷன் பக்கத்துச் செருப்புத் தைப்பவரிடம் நான்தான் கொடுத்தேன். ஒரு பக்கம் வெட்டி, பக்கிள் வைத்து, நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தார். இந்த ஊரில் எந்த வீட்டில்தான் தோல் துண்டு கிடக்கவில்லை? அதில் ஒன்று என்றுதான் நினைத்தேன். மூன்று மாதமாக அவருடைய வாரிலேயே அவரைக் கட்டி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வஹீதாவிடம் ஒரு நல்ல தோல் கேட்க வேண்டும். எங்கள் பள்ளியில் உருது எடுக்கிறவள். அவள் கணவர் ஷபீ அஹமது கம்பெனியில் இருபது வருடமாக இவருக்கு எதிர்ப்பக்கம் அதே மேசையில் நின்றவர்.

18.3.98, புதன்

வஹீதா ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். "நீ நல்ல தோல் கேட்டேன்னு ஃபர்ஸ்ட் சாய்ஸ் சரக்குல எடுத்திருக்காராம். என்ன, ஹேண்ட்பேகா?" என்றாள். ஆமாம் என்றேன். புருஷனுக்குச் சவரம் செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

கறுப்பு, கண்ணாடி போலப் பளபளப்பு. கைக்குக் குழந்தையின் தோல் மாதிரி இருக்கிறது.

22.3.98, ஞாயிறு

முடியவில்லை.

ஆணியில் புதுத் தோலை மாட்டி, அவர் செய்வதைப் போலக் கத்தியை மேலும் கீழுமாக இருபது தடவை தீட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் "இல்ல" என்றார். மறுபடி தீட்டினேன். "இல்ல. இல்ல. இல்ல!" நல்ல கையால் நாற்காலியை அடித்தார். பொருட்படுத்தாமல் நுரை போட்டேன். கத்தி வழிக்கவில்லை, முடியைப் பிடித்து இழுத்தது. அவர் கண்ணில் தண்ணீர். இடது கையால் என் மணிக்கட்டைத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டு இடுப்பிலிருந்த வாரைப் பிடித்து இழு இழு என்று இழுத்தார்.

தெரியுது. ஏன் வெட்டினேன்னு கேக்கிறீங்க. தெரியாமத்தான் வெட்டினேன். எனக்கு மட்டும் எல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? இருபத்திரண்டு வருஷமா அந்தக் கால் மணி நேரத்துல என்னைப் பக்கத்துல விட்டிருந்தா இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?

இதையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

29.3.98, ஞாயிறு

படிவத்தை நிரப்பினேன். பெயர், வயது 51, தொழில், நோய் விவரம். "தன் தேவைகளைத் தெரிவிக்க முடியுமா?" என்று ஒரு கட்டம். "முடியாது" என்று எழுதினேன்.

கையெழுத்து மட்டும் போடவில்லை. சும்மா. பேனா எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

8.4.98, புதன்

பக்ரீத். பள்ளி விடுமுறை. பதினோரு மணிக்கு ஷபீ அஹமது வந்தார், புது ஜிப்பா, கையில் பிரியாணிக் கேரியர். ஜனவரிக்குப் பிறகு அவர் வரவேயில்லை. இவரை இப்படிப் பார்க்க அவருக்கு முடியவில்லை என்று வஹீதா சொல்லியிருந்தாள். இன்றைக்கும் வாசலில் நின்று ஒரு நிமிடம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குரலை உயர்த்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா தோஸ்த், தாடி வெச்சிட்டே? மௌலானா ஆயிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா தொப்பி கொண்டாந்திருப்பன்."

இடது பாதி முகம் இழுத்துக்கொண்டது.

அந்தக் கறுப்புத் தோல் ஜன்னல் கட்டையில் கிடந்தது. இவர் கையை நீட்டி அதை எடுத்தார். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினார். உள்பக்கமாக மடித்துச் சுருக்கத்தைப் பார்த்தார். ஓர் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு ஓரத்தை இழுத்தார். பிறகு மணிக்கட்டை ஒரு சுண்டு — தோல் இடது பக்கம் தரையில் போய் விழுந்தது. "இல்ல."

எனக்கு அவமானமாக இருந்தது. "இப்படித்தான் பாய், எதைக் கொடுத்தாலும் தூக்கிப் போடறார்" என்று எடுத்து மடியில் வைத்தேன். மறுபடி அதே அழுத்தல், அதே சுண்டு. இடது பக்கம்.

ஷபீ அஹமது அந்தக் கையையே பார்த்தார். "தங்கச்சி, இத எதுக்குக் கேட்டீங்க?"

"கத்தி தீட்ட."

"யா அல்லா! பேகுக்குன்னு இல்ல வஹீதா சொன்னா! இது ஷூவுக்கு மேல வர்ற சரக்கு. மேல பூரா பெயிண்ட்டு, அடியில ரப்பர் மாதிரி இழுபடும். இதுல தீட்டினா கத்தி வாய் உருண்டு போயிடும்." குனிந்து தோலை எடுத்தார். "நாலு மாசம் கழிச்சி இத இப்பதான் பாக்கறேன். மேசையில வேணாங்கற தோல இப்படித்தான் லெப்ட்டுல வீசுவான். பாஸ் ஆனத ரைட்டுல போடுவான். அவன் உங்கள ஒண்ணும் சொல்லல தங்கச்சி. தோல ரிஜெக்ட் பண்றான்."

இவர் ஷபீ அஹமதைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த வாரைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

"ஆமாம்ப்பா, தெரியுது. அது மாதிரி வேணும். மரப்பட்டைல பதம் போட்டது. கொண்டாறேன்."

நான் அடுக்களைக்குள் போய் நின்றேன். நாலு மாதமாக எத்தனை "இல்ல". அத்தனையையும் எனக்கு எதிராக எழுதி வைத்திருந்தேன். அதில் எத்தனை உப்புக்கு, எத்தனை தலையணைக்கு, எத்தனை ஜன்னல் வெளிச்சத்துக்கு?

பிரியாணியை அவருக்கு ஊட்டினேன். "இல்ல" என்றார். முட்டையை எடுத்துவிட்டுக் கறியை வைத்தேன். சாப்பிட்டார்.

11.4.98, சனி

ஷபீ அஹமது கம்பெனியிலிருந்து ஒரு பை நிறையத் துண்டுகள் கொண்டுவந்தார். குரோம் ரசாயனத்தில் பதம் போட்டது, ஆவாரம்பட்டையில் போட்டது, ஆடு, மாடு, எருமை. இவர் மடியில் ஒவ்வொன்றாக வைத்தார்.

அழுத்தல், மடிப்பு, மோப்பம், சுண்டு. இடது. இடது. இடது. ஏழு துண்டு தரையில் கிடந்தன. ஷபீ அஹமது என்னிடம் புகார் சொன்னார்: "பாத்தீங்களா? இருவது வருசமா இதே பேஜாருதான். நான் பாஸ் பண்ணத எல்லாம் இவன் தூக்கிப் போட்டுருவான்."

எட்டாவது, ஓரம் கோணலாக வெட்டிய பழுப்பு எருமைத் தோல். பார்க்க ஒன்றுமே இல்லை. நான் கடையில் பார்த்தால் தொடக்கூட மாட்டேன். அதைக் கட்டைவிரலால் நெடுநேரம் தடவினார். மெதுவாக வலது தொடைமேல் வைத்தார். உணர்ச்சியில்லாத தொடை.

"பாஸ்!" என்று ஷபீ அஹமது கத்தினார். கத்திவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

12.4.98, ஈஸ்டர்

தாடியோடேயே கோயிலுக்கு அழைத்துப்போனேன். இடுப்பில் வாருக்குப் பதில் பழைய வேட்டிக் கிழிசல்.

19.4.98, ஞாயிறு

முனிரத்தினம் சாணைக்கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "நான் கன்னத்துல கை வெக்க மாட்டேன், கத்தியில மட்டுந்தான்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். நான் கெடுத்து வைத்திருந்த கத்தி வாயைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஒரு மணி நேரம் கல்லில் இழுத்தார். பிறகு புது வாரில் நான் தீட்டினேன். முனிரத்தினம் பக்கத்தில் நின்று, "திருப்பறப்ப முதுகுப் பக்கமா திருப்புங்க, வாய்ப் பக்கமா திருப்பாதீங்க" என்று திருத்தினார். "இந்தத் தோலு பதத்துக்கு வர ஒரு வருசம் ஆவும் டீச்சரம்மா. தீட்டத் தீட்டத்தான்."

ஒரு வருடம். நுரையைக் கலக்கினேன்.

முப்பத்தைந்து நிமிடம் ஆனது. இடது கை விரலால் தொங்கும் கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியை அதன் கனத்துக்கே விட்டேன். கோணம் தப்பிய இடத்தில் கரகரவென்றது. நிறுத்தினேன். சரிசெய்தேன். தாடைக்குக் கீழே, போன மாதம் வெட்டிய அதே மடிப்பு — மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பிடித்துக்கொண்டார். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் எப்போது இருந்தோம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

ரத்தம் இல்லை.

துடைத்து முடித்ததும் அவர் இடது கை மேலே வந்தது. கட்டைவிரல் கன்னத்தில் அழுத்தியது, தாடை வரை நகர்ந்தது, காதோரம் ஒரு இடத்தில் நின்றது. அங்கே கொஞ்சம் விட்டிருக்கிறேன், எனக்கே தெரியும். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி.

கை கீழே இறங்கி, வலது பக்கம் போய்த் தொடைமேல் நின்றது.

முனிரத்தினம் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

22.4.98, புதன்

வாரநாளில் அதற்கெல்லாம் நேரமில்லை. பிளேடு கத்தி, புது பாதி பிளேடு, பன்னிரண்டு நிமிடம். மடிப்புகளை விட்டுவிட்டுக் கன்னமும் மேலுதடும் மட்டும். அழுத்தவில்லை. கடவுளே, இவ்வளவு சுலபமா இது?

27.4.98, திங்கள்

இடுப்பு வலி. எட்டாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் அறுபது பாக்கி.

நேற்று என்னவோ கேட்டார். தண்ணீர் இல்லை, தலையணை இல்லை, மூத்திரம் இல்லை, ஜன்னல் இல்லை. இருபது விஷயம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சுண்டு, இடது. கடைசியில் அவர் அழுதார், நான் தம்ளரை ஓங்கி வைத்தேன். ஒரு தோலைத் தெரிந்துகொண்டதால் ஒரு மனிதனைத் தெரிந்துகொண்டதாக ஆகிவிடாது. இதைப் படிக்கிற நான் பின்னால் ஏமாறக்கூடாது என்று எழுதிவைக்கிறேன்.

விடைத்தாள் திருத்தித் திருத்தி எல்லாமே ஐந்து மதிப்பெண் கேள்வியாகத் தெரிகிறது. வேறுபடுத்துக: பிளேடு கத்தி, பழைய கத்தி. பழையது கற்க நாள் பிடிக்கும், தீட்ட வேண்டும், வீட்டில் ஒருவர் அதோடு கூடவே இருக்க வேண்டும். ஆனால் தப்பினால் சத்தம் போடும், மடிப்புகளில் அதுதான் சரி. பிளேடு கத்திக்குப் பராமரிப்பு இல்லை. பலூன் நாலைந்து வெடித்தால் போதும். அழுத்தாதே என்கிற ஒரே விதி. நிதானமான கையுள்ள எந்தப் புது ஆளும் கன்னத்தை முடித்துவிடலாம்.

எந்தப் புது ஆளும். விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவால் அதை அடிக்கோடிட்டேன்.

பிப்ரவரியிலிருந்து இரண்டே வழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று அவரை அனுப்புவது, அல்லது நானே செத்துச் செத்துச் செய்வது. எலியாஸும் அப்படித்தான் நினைக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் மூன்றாவது வழி ஒன்று கண்ணில் படவேயில்லை.

30.4.98, வியாழன்

கடைசித் தேதி. எலியாஸ் ஐந்து மணிக்கு வருவான். நேரே வேலூர் பஸ் பிடித்துப் படிவத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

காலையில் பழைய கத்தியால் செய்தேன். பள்ளி விடுமுறை விட்டாயிற்று, அவசரமில்லை. நுரையை வழித்துத் துடைக்கத் தாள் வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் அந்தப் படிவம் இருந்தது, நல்ல கனத்த தாள். முதல் பக்கம் இடது கன்னத்துக்குச் சரியாக இருந்தது. "தன் தேவைகளைத் தெரிவிக்க முடியுமா" வலது கன்னத்துக்கு.

இதற்குப் பெயர் அன்பு என்று எழுத வரவில்லை. ஒரு வருடத்தில் அந்தத் தோல் பதத்துக்கு வரும் என்கிறார்கள், அதைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. அவ்வளவுதான் இன்றைக்கு என்னிடம் இருப்பது. ஆனால் தனியாக என்னால் முடியாது. என் உடம்பு என்ன ஆவது என்று எலியாஸ்தானே கேட்டான்? மூன்று மாதமாகக் கேட்கிறான். பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஞாயிறு, செவ்வாய், வியாழன் நான். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்கு எலியாஸ். அடுத்த தெருதான், அவன் வேலை எட்டரைக்கு. சனிக்கிழமை அண்ணனுக்கு ஓய்வு. கன்னமும் மேலுதடும் போதும், கழுத்து மடிப்புகளை எனக்கு விட்டுவிடலாம். கூடவே காபி உண்டு, அண்ணனிடம் இருபத்தைந்து நிமிடம் பேச்சு உண்டு. பதில் ஒரே சொல்தான், ஆனால் கையைக் கவனிக்க வேண்டும். இடதா வலதா என்று.

எலியாஸுக்கு இன்னும் தெரியாது. இவருக்கும் சொல்லவில்லை. ஷபீ அஹமதுக்குச் சொன்னால் சிரித்தே கெடுத்துவிடுவார்.

வந்ததும் படிவம் எங்கே என்று கேட்டுக் கையை நீட்டுவான். பிளேடு கத்தியை வெந்நீரில் கழுவித் துடைத்து, புதுப் பாக்கெட் பிளேடோடு கூடத்து மேசையில் வைத்திருக்கிறேன். நாலு மணிக்கே கடைக்குப் போய்ப் பலூன் வாங்கி வந்தேன். இந்தத் தடவை பத்து. இன்னும் யாருக்குப் பிறந்தநாள் என்று கடைக்காரர் கேட்டார்.

ஒன்றை ஊதி நாற்காலியில் கட்டியாயிற்று. சிவப்பு. அவர் அதைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். முகத்தின் இடது பாதி மெதுவாக மேலே போகிறது.

கேட் சத்தம்.